ஏழு ஆள் தண்ணீர்

மதுசூதன் தம்பி போனை என் கண்ணுக்கு நேராக நீட்டினார். வெயில் கூசியதால் இன்னொரு கையைக் குடைபோல் வைத்து மறைத்துக் காட்டினார். முதல் படத்தில் கடல் கண்ணாடிபோல் இருந்தது. அடியில் கிடந்த பாறையின் நிழல்கூடத் தெரிந்தது. விரலால் தள்ளினார். அடுத்த படத்தில் கறுப்பாகச் சேறு, அதில் ஒரு மூங்கில் துண்டு, ஒரு பழைய பாட்டில். வேறொன்றும் இல்லை.

"இது மாலத்தீவு. இது இந்தோனேசியா. எங்க போனாலும் எட்டு நாள் படகுலயே இருக்கணும் அண்ணே. சாப்பாடு, தூக்கம் எல்லாம் படகுலதான். ஒரு நாளைக்கு நாலு தடவை முங்கலாம். எதுக்குப் போகட்டும், நீங்க சொல்லுங்க. சாயந்திரத்துக்குள்ள பதில் சொல்லணும்."

"சம்பளம் எம்புட்டு தம்பி குடுப்பாவ?" என்று கேட்டான் பொன்னுராஜ். அவன் கயிறு பிடிக்க வந்தவன்.

"சம்பளமா? நாமதான் அவங்களுக்குக் குடுக்கணும்."

பொன்னுராஜ் தோளில் கிடந்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டான். "ஏலே வேல்பாண்டி, கேட்டியா? துட்டு வாங்கிட்டு முங்குத நாம கிறுக்கனா, துட்டைக் குடுத்துட்டு முங்குத அவிய கிறுக்கனா? அம்புட்டுப் பேரையும் வத்திராயிருப்பு ரோட்டுக்குக் கூட்டிட்டு வாங்க தம்பி. கிணறு கிணறா எறக்கி விட்டு நாங்க மாடி வீடு கட்டிருதோம்."

தம்பி சிரித்தார். நானும் சிரித்திருப்பேன், வேறு எந்தக் கிணற்றடியில் நின்றிருந்தாலும்.

இது அவர்கள் தென்னந்தோப்புக் கிணறு. ஒன்பது வருசமாக நான் இந்தத் தோப்புப் பக்கம் வரவில்லை. பிளவக்கல் போகும் பஸ்ஸில் இந்த இடம் வந்தால் தலையைத் திருப்பிக்கொள்வேன். ராஜபாளையத்தில் பஞ்சுப் பொதி தூக்கிப் பிழைக்கிறேன். முங்குவதை விட்டாயிற்று, காது போய்விட்டது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அது பொய்யில்லை. இடது காது கேட்காது. வீட்டில் மாடத்தி எனக்கு வலது பக்கம் உட்கார்ந்துதான் பேசுவாள்.

நாளைக்குத் தோப்பு கைமாறுகிறது. கம்பி அறுந்து அடியில் விழுந்து கிடக்கும் நீர்மூழ்கி மோட்டாரை எடுத்துத் தர வேண்டும். பாதாளக்கரண்டி போட்டு இரண்டு நாள் துழாவிப் பார்த்திருக்கிறார்கள், மாட்டவில்லை. அப்போது பெரியவர், தம்பியின் அப்பா ஜகந்நாதன் சாமி, "அதோட அடியைத் தொட்டவன் அவன் ஒருத்தன்தான். அவனையே கூப்பிடு" என்று சொன்னாராம். மில் வாசலில் கார் வந்து நின்றபோது தம்பி இதைச் சொல்லித்தான் அழைத்தார். சொன்னவர் சாமி என்பதால் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

சாமி பம்புசெட் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கிணற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நான் கும்பிட்டேன். தலையை அசைத்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், ஊருக்கே கேட்கிற குரல் அவருக்கு. இப்போது சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டியிருந்தது.

"நான் கடலைப் பாத்ததே இல்ல தம்பி. என்னப் போயி கேக்கியளே" என்றேன்.

"கீழ போனவாதான் சொல்லணும். எனக்குத் தெரிஞ்சு நீங்கதான் போயிருக்கேள்." குரலை இறக்கினார். பொன்னுராஜ் கப்பிக்கு எண்ணெய் விடப் போயிருந்தான். "அந்த ரெண்டாவது எடத்துல பாக்கறதுக்கு ஒன்னும் இருக்காது அண்ணே. வெறும் சேறு. வழி காட்டற ஆள் குச்சியால ஒரு எடத்தைக் காட்டுவான். நமக்குச் சேறுதான் தெரியும். செத்த நேரம் பாத்துண்டே இருந்தா அந்தச் சேத்துல ரெண்டு கண்ணு தெறக்கும். மீனு. அது அங்கயேதான் கெடந்திருக்கு. நம்ம கண்ணுல படல."

நான் கீழே கிடந்த கயிற்றை எடுத்துச் சுருட்டினேன்.

"அன்னிக்கு நீங்க அடியைத் தடவிப் பாத்தேள். மண் எடுத்துக் காட்டினேள். இல்லேன்னேள். மூணாம் நாள் காலம்பற ஜனனி இங்கயே மெதந்தா. அப்போ ரெண்டுல ஒன்னுதான். முதல் நாளே அவ கீழ இருந்திருக்கணும், உங்க கையில படாம. இல்லேன்னா அப்பா நெனைக்கறதுதான் நெஜம். ஒரு எடத்துல இருக்கறது தேடறவன் கைக்குத் தப்புமான்னு தெரிஞ்சுக்கத்தான் நான் தண்ணியில எறங்கவே கத்துண்டேன். அறுபது தடவை எறங்கியாச்சு. எல்லாம் தெளிஞ்ச தண்ணி. தெளிஞ்ச தண்ணியில எனக்கு ஒன்னும் தெரியல."

"அப்பா என்ன நெனைக்காவ?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஊருக்கே தெரிந்ததுதான். ஆனாலும் வேறு மாதிரிச் சொல்வாரோ என்று ஒரு நப்பாசை.

"உங்களுக்குத் தெரியாதா" என்றார் தம்பி.

தெரியும்.

அது ஒரு கார்த்திகை மாதம். சாமியின் மகள் ஜனனி பாப்பா கிருஷ்ணன்கோவில் கல்லூரியில் இரண்டாம் வருசம் படித்துக்கொண்டிருந்தது. காலேஜ் பஸ் ரோட்டில் இறக்கிவிட்டது. தோப்புக்குள் போனதைத் தேங்காய் உரிக்கிறவர்கள் பார்த்திருக்கிறார்கள். வீடு போய்ச் சேரவில்லை. கிணற்றின் மூன்றாவது படியில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. பொழுது இறங்கும் நேரத்தில் என்னைத் தேடி வந்தார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கிணற்றில் ஆளையோ பொருளையோ தேடி முங்கி, இல்லை என்று சொல்ல வேண்டுமானால் வெறும் வாயால் சொல்லக் கூடாது. அடியில் இருந்து ஒரு கை மண் எடுத்து வந்து மேலே நிற்பவர்கள் முன்னால் கையை விரித்துக் காட்ட வேண்டும். அந்த மண்ணைப் பார்த்துவிட்டால் அப்புறம் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். என் அப்பன் அப்படித்தான் செய்தான், நானும் அப்படித்தான் செய்தேன்.

அன்றைக்கு ஏழு ஆள் தண்ணீர் இருந்தது. ஒரு ஆள் உயரம் ஒரு கணக்கு. இந்தக் கிணற்றை முதலில் வெட்டியவர்கள் நாலு ஆள் ஆழத்தோடு விட்டுவிட்டார்கள். பிறகு தண்ணீர் வற்றி, நடுவில் குறுக்கிப் பாறையை உடைத்து இன்னும் மூன்று ஆள் இறக்கினார்கள். அதனால் நாலாவது ஆளில் சுற்றிவர ஒரு திட்டு இருக்கும். மேலே சுவரில் இருந்து கரைகிற செம்மண் அந்தத் திட்டில்தான் படிந்து கிடக்கும்.

இரண்டு தடவை முங்கினேன். இரண்டு தடவையும் திட்டுக்கு மேலேயே காதுக்குள் குத்தவே திரும்பினேன். தண்ணீர் ஐஸ். மூன்றாவது தடவை திட்டைத் தொட்டபோது இடது காதுக்குள் கம்பியைப் பழுக்கக் காய்ச்சிச் செருகினாற்போல் ஒன்று. உள்ளே ஏதோ கிழிந்தது. தலை சுற்றி மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போயிற்று. கையில் அகப்பட்ட மண்ணைப் பிடித்துக்கொண்டு உதைத்து மேலே வந்தேன். இன்னொரு தடவை போயிருக்க வேண்டும். போகவில்லை. பயந்துவிட்டேன். படியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு மூச்சு வாங்கும்போது சாமி பக்கத்துப் படியில் இறங்கி வந்து குனிந்து கேட்டார்.

"அடியைத் தொட்டியாப்பா?"

"தொட்டேன் சாமி. ஒன்னும் இல்ல."

கையை விரித்தேன். செம்மண் வழிந்து அவர் வேட்டியில் சொட்டியது. அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை. "பெருமாளே, இல்ல, இல்ல, பொழச்சது" என்று அழுதார். கூட நின்றவர்கள் தீயணைப்பு வண்டிக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொன்னார்கள். அந்த மண்ணை நம்பித்தான் சொன்னார்கள்.

மறுநாள் விடிந்ததும் பேச்சு மாறியது. கிணற்றில் இல்லையென்றால் வேறெங்கே? படியில் செருப்பைப் போட்டு நாடகம் ஆடிவிட்டு எவனோடோ பஸ் ஏறிவிட்டாள் என்றார்கள். மதுரையில் பார்த்தேன் என்று ஒருவன் சொன்னான். தென்காசி ரயிலில் பார்த்தேன் என்று இன்னொருவன். இரண்டாம் நாள் மத்தியானம் சாமி திருமுக்குளத்துக்குப் போய், அத்தனை பேர் பார்க்க, உயிரோடு இருப்பதாக நம்பிய மகளுக்குத் தலை முழுகினார். "எனக்குப் பொண்ணு கெடையாது" என்று படியில் நின்று உரக்கச் சொன்னார். ஊருக்கே கேட்கிற அந்தக் குரலில்.

மறுநாள் காலை பாப்பா மிதந்தது.

செத்து இரண்டு நாள் ஆகியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சாமி கேட்கவில்லை. "அடியைத் தொட்டு மண் எடுத்துக் காட்டினானே அவன்" என்றார். பாப்பா எங்கேயோ ஒளிந்திருந்தது, அப்பன் தலை முழுகியதைக் கேட்டது, வந்து விழுந்தது. அதுதான் அவர் போட்ட கணக்கு. அன்றைக்குப் பேச்சைக் குறைத்தவர்தான். வாத்தியார் போட்ட கணக்கைத் திருத்த யாருக்கும் தைரியம் வரவில்லை. பாப்பாவின் அம்மா ஸாவித்ரி அதே வருசம் படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை.

ஸ்டேசனில் ஒரு தாளில் என்னிடம் கைநாட்டு வாங்கினார்கள். 'கிணற்றின் அடிவரை சென்று தேடினேன், எதுவும் இல்லை' என்று எழுதியிருப்பதாக வாசித்துக் காட்டினார்கள். அந்த எழுத்து எப்படி இருந்தது என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தேன். எறும்பு ஊர்ந்ததுபோல் நினைவு. நூறு நாள் வேலைக்காரர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வந்தபோது மற்றவர்கள் பெயர் எழுதினார்கள். நான் முதலில் எழுதிக் கேட்டது 'அடி' என்கிற சொல்லை. சொல்லிக்கொடுத்த யுவராணி டீச்சர், "யாரை அண்ணே அடிக்கப் போறீய?" என்று சிரித்தது.

கேட்காத காதில் ஒன்று கேட்கும். யாரிடமும் சொன்னதில்லை. செருப்புப் போட்டு நடக்கிற சத்தம். ஒரு அடி 'சட்' என்று கேட்கும், அடுத்த அடி கேட்காது. மறுபடி ஒரு 'சட்'. ஒற்றைச் செருப்போடு நடக்கிற நடை. பொதியைத் தூக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, சோற்றைப் பிசையும்போது வரும். நகக்கண்ணில் மண் வாடை அடிக்கும். "சோத்துல அப்படி என்ன கெடக்குன்னு மோந்து மோந்து பாக்கிய?" என்று மாடத்தி வைவாள்.

"சொல்லுங்க அண்ணே. சேறா, தெளிஞ்ச தண்ணியா?" என்று தம்பி மறுபடி கேட்டார்.

"முங்கிட்டு வந்து சொல்லுதேன்" என்றேன்.

சட்டையைக் கழற்றி வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினேன். தம்பி காரில் இருந்து ஒரு பையை எடுத்து வந்தார். உள்ளே முகத்தில் போடுகிற கண்ணாடி இருந்தது. மூக்கையும் சேர்த்து ரப்பர் மூடிக்கொள்ளும். என் மண்டைக்குத் தக்கபடி வாரைத் தளர்த்தி மாட்டிவிட்டார்.

"காது எப்படி அண்ணே?"

"ஒன்னு செத்துப்போச்சு. இன்னொன்னு இருக்கு."

"இறங்கும்போது வலிக்குமோ?"

"வலிக்காம? நாலாவது ஆளுல உசுர் போகும். பல்லைக் கடிச்சிக்கிட்டு போறதுதான் தொழிலு."

தம்பி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீங்க மூக்கைப் பிடிச்சு ஊத மாட்டேளா?"

"என்னத்த ஊத?"

அந்த ரப்பருக்கு மேலேயே என் மூக்கை இரண்டு விரலால் பிடித்தார். "வாயை மூடிண்டு மூக்கால காத்தை மெதுவா தள்ளுங்கோ. வெளிய விடக் கூடாது."

தள்ளினேன். வலது காதுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். ஏதோ கதவு திறந்தாற்போல் இருந்தது.

"அவ்வளவுதான். ஒவ்வொரு ஆள் ஆழத்துக்கும் ஒரு தடவை, வலிக்கறதுக்கு முன்னாடியே பண்ணிடணும். வலிக்காது. முதல் நாள் முதல் பாடமே இதான். சின்னக் கொழந்தை கூடச் செய்யும்."

"அம்புட்டுத்தானா?"

"அவ்வளவுதான் அண்ணே."

இருபத்திரண்டு வருசம் முங்கியிருக்கிறேன். என் அப்பன் அதற்கு முன்னால் முப்பது வருசம். செவிடாகத்தான் செத்தான். மூக்கைப் பிடி என்று எங்களுக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லை. அன்றைக்கு மட்டும் இது தெரிந்திருந்தால் என்று நினைத்தேன். படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூக்கைப் பிடித்துப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தேன்.

"ஏலே, சளி சிந்துதியா, முங்கப் போறியா?" என்று பொன்னுராஜ் மேலே இருந்து கத்தினான்.

இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். இந்தத் தையிலும் தண்ணீர் அதே ஏழு ஆள்தான். ஒன்று. ஊதினேன். இரண்டு. ஊதினேன். வலது காது திறந்து திறந்து கொடுத்தது. இடது காதுக்குள் குளிர்ந்த தண்ணீர் நுழைந்தபோது தலை லேசாகச் சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டேன், நின்றது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கிணற்றுக்குள் கண்ணால் பார்த்தேன். இதுவரை எல்லாம் கைதான். சுவரில் வேர்கள் தொங்கின. வெயில் ஒரு தூண்போல் நடுவில் இறங்கியது. நாலாவது ஆளில் அந்தத் திட்டு வந்தது. பட்டுத்துணி விரித்தாற்போல் செம்மண். அந்த இடத்தில் ஒரு நிமிசம்கூட நிற்க முடியாது, மூச்சு போய்விடும். ஆனாலும் விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்தேன். கீழே மூன்று ஆள்தான். மூன்றே ஆள்.

மூக்கைப் பிடித்து ஊதி இறங்கினேன். வலிக்கவில்லை. ஒன்றும் வலிக்கவில்லை.

மோட்டார் பாறையோரம் சாய்ந்து கிடந்தது. கயிற்றை அவிழ்த்து அதன் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். மூச்சு கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஒன்பது வருசமாகச் சொல்லி வந்த இடத்துக்கு இப்போதுதான் வந்திருந்தேன். மட்கிய தென்னங்கீற்று, இலை, அதன் மேல் மெத்தைபோல் சேறு. ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்கிற அகலம். கையை விட்டேன். மணிக்கட்டுவரை போயிற்று. அதற்குள் யாரோ என் கையைப் பிடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன், பிடிக்கட்டும் என்றும் நினைத்தேன். யாரும் பிடிக்கவில்லை. சேற்றை அள்ளிக் கையை மூடிக்கொண்டு உதைத்தேன்.

மேலே வந்து படியைப் பிடித்ததும் பொன்னுராஜ், "மாட்டிருச்சா? இழுக்கவா?" என்றான். சாமி நாற்காலியில் இல்லை. கிணற்றுக்குள் இறங்கி, மூன்றாவது படியில் நின்றுகொண்டிருந்தார். எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை. தம்பி அவர் தோளைப் பிடித்திருந்தார். சாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீருக்கு மேலே மூடியிருந்த என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையைத் தண்ணீருக்குள் விட்டுத் திறந்தால் போதும். கரைந்து போய்விடும். மோட்டாரை ஏற்றிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு சாயந்திரம் மில்லுக்குப் போய்விடலாம். தம்பி ஏதோ ஒரு கடலுக்குப் போவார். தோப்பு கைமாறிவிடும். அதற்குப் பிறகு இந்தக் கிணற்றைப் பற்றி யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை.

சாமியின் உதடு அசைந்தது. எந்தக் குரல் ஊருக்கே கேட்டதோ அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. வலது காதை அவர் பக்கம் திருப்பினேன்.

"அடியைத் தொட்டியாப்பா?"

அதே கேள்வி. அவரும் அதை நினைத்துத்தான் கேட்டாரா, வாயில் வந்ததா, தெரியாது.

"இன்னிக்குத்தான் சாமி தொட்டேன்" என்றேன்.

கையை விரித்தேன்.

கறுப்பு. காக்கைச் சிறகுபோல் கறுப்பு. விரலிடுக்கில் வழிந்து மணிக்கட்டில் இறங்கியது. ஒரு அழுகல் வாடை எழுந்தது.

தம்பி குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, "அன்னிக்கு அப்பா வேட்டியில..." என்று ஆரம்பித்தார். "அன்னிக்கு செகப்பா இருந்ததே அண்ணே."

"அது திட்டு மண்ணு தம்பி. பாதிக் கிணத்துல இருக்கு. காது கிழிஞ்சிருச்சு, பயந்துட்டேன், அதுக்குக் கீழ நான் போகவே இல்ல. போகாம போனேன்னு சொல்லிட்டேன்." மூச்சு முட்டியது. தண்ணீருக்குள் முட்டாத மூச்சு. "சாமி, பாப்பா அன்னிக்கே கீழ இருந்துச்சு. நீங்க குளத்துக்குப் போறதுக்கு முந்தியே. நீங்க சொன்னது எதையும் அது கேக்கல. கால் வழுக்கி விழுந்திருக்கு. பாவம் பண்ணுனவன் நான்."

தோப்பில் ஒரு மட்டை எங்கேயோ விழுந்தது.

"தம்பி, நீங்க தெளிஞ்ச தண்ணிக்கே போங்க. சேத்துல தேட ஒன்னும் இல்ல."

தம்பி என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருக்கும். அவர் கையில் இருந்த போனை அப்படியே படியில் வைத்துவிட்டு, வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இன்னும் அந்தக் கறுப்புச் சேறு தெரிந்தது.

சாமி மெதுவாகப் படியில் உட்கார்ந்தார். நனையும் என்று பார்க்காமல் தண்ணீர் தொடுகிற படிவரை சறுக்கி வந்தார். கோயிலில் தீர்த்தத்துக்கு நீட்டுவதுபோல் இடது கைமேல் வலது கையைக் குழித்து நீட்டினார். எனக்கு அவர் என்ன கேட்கிறார் என்று புரியச் செத்த நேரம் ஆயிற்று. என் கையைச் சாய்த்தேன். சேறு சொட்டுச் சொட்டாக அவர் உள்ளங்கையில் விழுந்தது. வேட்டியிலும் விழுந்தது. அவர் வாயைத் திறந்தார். சத்தம் வந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது, அந்த நேரம் அவர் என் இடது பக்கம் இருந்தார்.

மேலே பொன்னுராஜ் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "ஏலே, இழுக்கவா வேண்டாமா, சொல்லுலே!" என்று கத்தினான். கயிறு விறைத்து நடுத் தண்ணீரில் நேராக இறங்கியிருந்தது. அது இறங்கிய இடத்தில் அடியில் இருந்து ஒன்று, பிறகு ஒன்று எனக் குமிழி வந்து உடைந்துகொண்டிருந்தது.